முதலில் பஸ் நேரம், அப்புறம் மிச்சக் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் குறைந்துபோன கிராமப் பள்ளிகளை இணைப்பது பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் அமெரிக்காவை உதாரணம் காட்டியிருந்தார்கள். 1940 வாக்கில் அங்கே சுமார் 1,17,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன, இன்று 13,000 சொச்சம்தான், பணக்கார நாடே இணைத்துவிட்டது, நாம் ஏன் தயங்குகிறோம் என்று கேட்டிருந்தார்கள். எண்கள் சரிதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் இடிக்கிறது. நான் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு கிராமப்புறத்தில் குடியிருக்கிறேன், பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள், எங்கள் பள்ளி மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டத்தோடு இணைக்கலாமா என்று பார்க்கப் போட்ட குழுவில் பெற்றோர் தரப்பில் நானும் இருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது. இணைப்புக்கு நான் எதிரி இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எதை முதலில் முடிவு செய்வது, எதை அப்புறம் பார்ப்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

இங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர்க் கல்வி மாவட்டம் போல அரசு அதிகாரி ஒருவரின் எல்லை இல்லை. அது தனி அமைப்பு. அதற்கென்று மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற வாரியம் உண்டு, அந்த வாரியம் நியமிக்கிற தலைமை நிர்வாகி, அதாவது சூப்பரிண்டெண்டென்ட் உண்டு, அது சொத்து வரி போடும், கடன் பத்திரம் விற்றுக் கட்டடம் கட்டும், ஆசிரியர் சம்பள அட்டவணையை அதுவே வைத்திருக்கும். சில மாவட்டங்களில் நூறு பள்ளிகள் இருக்கும், எங்களுடையது போன்ற இடங்களில் ஒரு தொடக்கப் பள்ளியும் ஒரு ஹைஸ்கூலும்தான். 1940இல் இருந்த அந்த 1,17,000இல் ரொம்பப் பெரும் பகுதி, ஒரே ஒரு ஓராசிரியர் பள்ளிக்கென்று ஒரு மாவட்டம், விவசாயிகள் மூன்று பேர் சேர்ந்தது ஒரு வாரியம், அவ்வளவுதான். 1930இல் இந்த நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் மட்டும் ஒன்றரை லட்சத்தை ஒட்டி இருந்தன. தார்ச்சாலை வந்தது, பள்ளிப் பேருந்து வந்தது, பண்ணை வேலைக்கு ஆள் தேவை குறைந்து குடும்பங்கள் நகரத்துக்குப் போயின, 1970க்குள் மாவட்டங்களின் எண்ணிக்கை 18,000க்கு வந்துவிட்டது. ஆக, பெரிய சரிவு எல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே முடிந்த கதை. சுலபமாக இணைக்கக்கூடியதை எல்லாம் அப்போதே இணைத்துவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பவை ஒன்றுக்கொன்று தூரமாக இருப்பவை, அதனால்தான் மிச்சமே இருக்கின்றன. 1940இன் வேகத்தைக் காட்டி இன்றைக்குத் திட்டம் போடுவது அர்த்தமில்லாத வேலை.

அடுத்து, கட்டுரையில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பியிருந்தார்கள். மாவட்டங்களை இணைப்பது ஒன்று, பள்ளியை மூடுவது வேறொன்று. வாரியம், சூப்பரிண்டெண்டென்ட், கணக்கு அலுவலகம், தணிக்கை, பொருள் கொள்முதல், சம்பளப் பட்டியல், இதையெல்லாம் ஒன்றாக்கினால் ஏழு வயசுப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது, அது வழக்கம்போல அதே கட்டடத்துக்குப் போகும், அதே ஆசிரியரிடம் உட்காரும். பள்ளியை மூடினால் அந்தப் பிள்ளையின் விடியற்காலையே மாறிப்போகும். ஆனால் திட்ட அறிக்கைகளில் இரண்டும் ஒரே தலைப்பில் வரும். அலுவலகத்தை இணைப்பதற்குச் சொல்கிற நியாயங்களைக் காட்டி, சத்தமில்லாமல் கட்டடத்தையும் மூடிவிடுவார்கள்.

சரி, பணம் மிச்சமாகுமா? ஆகும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்கோம்ப், ஜான் யிங்கர் இருவரும் நியூயார்க் மாநிலத்தில் 1985க்கும் 1997க்கும் இடையில் நடந்த கிராமப்புற இணைப்புகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 300 பிள்ளைகள் உள்ள மாவட்டம் இன்னொன்றோடு சேர்ந்து இரட்டிப்பானால், ஒரு பிள்ளைக்கான நடைமுறைச் செலவு 60 சதவீதத்துக்கும் மேல் குறையும் என்று கணக்கு காட்டுகிறது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் இணைப்பதற்கே ஆகிற செலவுகளை, முக்கியமாகக் கட்டடச் செலவை, உள்ளே கொண்டுவந்தால் நிகர மிச்சம் 31.5 சதவீதம். அதே 1,500 பிள்ளைகள் உள்ள மாவட்டம் என்றால் 14.4 சதவீதம்தான். ரொம்பச் சின்ன மாவட்டத்துக்கு லாபம் உண்டு, பெரிதாகப் பெரிதாக லாபம் கரைந்துகொண்டே போகும், தேவையில்லாத கட்டடங்களுக்கு மாநிலம் காசைக் கொட்டக் கூடாது, இதுதான் அவர்கள் சொன்னது. நம் ஊரில் அந்த முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையில் பேசுவார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

மிச்சம் எங்கே கரைகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் புரியும். எங்கள் மாவட்டத்தில் ஆசிரியர் சம்பளம் குறைவு, பக்கத்தில் கொஞ்சம் அதிகம். இணைந்தபிறகு யாருடைய சம்பளத்தையும் இறக்க முடியாது, எல்லாரும் மேலே இருக்கிற அட்டவணைக்குத்தான் ஏறுவார்கள். அவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்னால் புதுக் கட்டடம் கட்டிக் கடன் வைத்திருக்கிறார்கள், எங்களுக்குக் கடன் இல்லை, ஆனால் கூரை ஒழுகுகிறது. இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் குடியேறும்போது ஒருவர் வட்டிக் கடனோடும் இன்னொருவர் ஓட்டைப் பாத்திரத்தோடும் வந்து நிற்பது போலத்தான். அந்தக் கடனை நாங்களும் சேர்ந்து கட்டுவதா, அந்த ஊரின் சொத்து வரியில் மட்டும் கழிப்பதா என்பதை இணைப்புக்கான ஓட்டெடுப்புக்கு முன்னால் எழுத்தில் முடிக்காவிட்டால், பின்னால் ஒவ்வொரு பட்ஜெட் கூட்டமும் சண்டைதான். சூப்பரிண்டெண்டென்ட் ஒருவர் குறைவார் என்பதும் உண்மை, அடுத்த வருடமே வேலை அதிகமாகிவிட்டது என்று துணை சூப்பரிண்டெண்டென்ட் ஒருவரை எடுப்பதும் பல இடங்களில் நடப்பதுதான். ஊக்கத் தொகை இன்னொரு வலை. நியூயார்க்கில் இணைகிற மாவட்டங்களுக்கு மாநிலம் கூடுதல் உதவி தருகிறது, முதல் ஐந்து ஆண்டு முழுசாக வரும், பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து 14 ஆண்டில் நின்றுவிடும். அந்தப் பணத்தை நம்பி நிரந்தரச் செலவுகளை ஏற்றிக்கொண்டால் 15ஆம் ஆண்டு என்ன செய்வது என்று திட்டத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பஸ்.

எங்கள் குழுவுக்கு ஆலோசகர் நிறுவனம் போட்டுக்காட்டிய ஸ்லைடில் சராசரிப் பயண நேரம் 35 நிமிடம் என்று இருந்தது. எல்லாரும் தலையாட்டினோம், பரவாயில்லையே என்று. அந்தச் சராசரியில் ஊருக்குள் ஐந்து நிமிடத்தில் இறங்குகிற பிள்ளைகளும் சேர்த்தி. முதலில் ஏறுகிற பிள்ளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு அவர்களிடம் அந்த எண்ணே இல்லை. இருபது வருடமாக இங்கே பஸ் ஓட்டுகிற ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்: வடக்குப் பக்கம் கடைசிப் பண்ணையில் காலை 6.20க்கு ஏற்ற வேண்டும், அங்கிருந்து அடுத்த வீடு மூன்று மைல், பாதி வழி சரளைச் சாலை, மழை பெய்தால் சேறு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிவப்பு விளக்கைப் போட்டு, நிறுத்தப் பலகையை நீட்டி, ஒரே ஒரு பிள்ளை பையை இழுத்துக்கொண்டு ஏறி உட்காரும்வரை காத்திருக்க வேண்டும், பனிக்காலத்தில் எல்லாமே இன்னும் மெதுவாகும். புதிதாகச் சொல்கிற ஹைஸ்கூல் வாசலுக்கு அந்த வண்டி 7.35க்குத்தான் போய்ச் சேரும் என்றார். ஒன்றேகால் மணி நேரம். போக வர இரண்டரை. இங்கே பள்ளி ஆண்டு பெரும்பாலும் 180 நாள், கணக்குப் போட்டுப் பாருங்கள், 450 மணி நேரம். ஒரு பள்ளி நாளை ஆறரை மணி நேரம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 70 பள்ளி நாள் அந்தப் பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த நேரத்துக்கு எந்த அறிக்கையிலும் விலை கிடையாது, ஏனென்றால் அது யாருடைய பட்ஜெட்டிலும் செலவாக வருவதில்லை.

அது ஹைஸ்கூல் பிள்ளை. அதே பஸ்ஸில் ஐந்து வயசுப் பிள்ளையும் ஏறும், ஏனென்றால் தனித்தனி வண்டி விட்டால் மிச்சம் காணாமல் போய்விடும். மாலையில் விளையாட்டு, இசைக்குழு, அறிவியல் மன்றம் எல்லாம் கடைசி மணிக்குப் பிறகுதான். அது முடிந்தபிறகு கிளம்புகிற இன்னொரு பஸ் இல்லையென்றால் கார் உள்ள வீட்டுப் பிள்ளைதான் அதில் சேர முடியும். பெரிய பள்ளியில் நிறையப் பாடம், நிறையச் சங்கம் என்று விளம்பரம் செய்துவிட்டு, 3.30க்கு ஒரே பஸ் என்றால் அந்த வசதி யாருக்கு? அதோடு, உடம்புக்கு முடியாத பிள்ளையைக் கூட்டிவர அம்மா வேலையை விட்டுவிட்டு நாற்பது நிமிடம் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஆசிரியரைப் பார்க்கப் போகிற பெற்றோர் எண்ணிக்கையும் தூரம் கூடக்கூடக் குறையும், இதற்கு ஆய்வு வேண்டாம்.

மேற்கு வர்ஜீனியாவில் ஒரு வழிப் பயணத்துக்கு வழிகாட்டு வரம்பு இருக்கிறது: தொடக்கப் பள்ளிக்கு 30 நிமிடம், நடுநிலைக்கு 45, ஹைஸ்கூலுக்கு 60. 1990க்குப் பிறகு அங்கே முன்னூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள். மலைச்சாலை, வளைந்து வளைந்து போகும், வரைபடத்தில் பத்து மைல் என்றால் வண்டியில் அரை மணி. வரம்பு காகிதத்தில் இருந்தது, அதைத் தாண்டிப் பயணம் செய்த பிள்ளைகள் ஏராளம். அதனால்தான் வரம்பு வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, அதைத் தாண்டுகிற எந்த வரைபடத்தையும் குழு பரிசீலிக்கவே கூடாது என்று கூட்டத்தில் நான் கேட்டேன். முதலில் கடைசிப் பிள்ளையின் நேரத்தை முடிவு செய்யுங்கள், அதற்குள் அடங்குகிற இணைப்புகளை மட்டும் வரையுங்கள், அப்புறம் அதில் எவ்வளவு மிச்சமாகிறது என்று பாருங்கள். எங்கும் நடப்பது இதற்கு நேர்மாறு: மிச்சத் தொகையை முதலில் எழுதிவிடுவார்கள், அது வருகிற மாதிரி வரைபடம் வரையப்படும், பஸ் அட்டவணை பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் வரும்.

இதைப் படித்துவிட்டுச் சின்னப் பள்ளி என்றாலே சொர்க்கம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் ஹைஸ்கூலில் ஒரு வகுப்புக்குப் பதினோரு பேர், அறிவியல் முழுவதற்கும் ஒரே ஆசிரியர், அவர் போனால் இயற்பியல் போச்சு. ஸ்பானிஷ் மொழிப் பாடம் வீடியோ திரையில் நடக்கிறது. என் மகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அதே நான்கு சிநேகிதிகள், அதில் இருவரோடு சண்டை, அப்படியானால் மீதியைப் பாருங்கள். மேல் வகுப்புகளை இணைத்தால் இது எல்லாம் கண்டிப்பாகச் சரியாகும், அதனால்தான் ஹைஸ்கூல் இணைப்புக்கு நானே கை தூக்குவேன். கீழ் வகுப்புகள் வேறு. ஐந்தாம் வகுப்புவரை ஒரு பிள்ளைக்கு வேண்டியது பாடப் பட்டியலின் நீளம் இல்லை. ஆக, எந்த வகுப்பு நகர்கிறது, எது நகரக் கூடாது என்று பிரித்துத் திட்டமிட்டாலே பாதிச் சண்டை தீரும்.

ஆனால் எங்கும் ஒரே எண்ணை வைத்து வெட்டுகிறார்கள். ஆர்கன்சாவில் 2004ஆம் ஆண்டின் சட்டம் 60 அப்படித்தான்: தொடர்ந்து இரண்டு ஆண்டு 350 பிள்ளைகளுக்குக் கீழே போனால் அந்த மாவட்டம் இன்னொன்றோடு சேர்ந்தாக வேண்டும். அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதுதான் கொடுமை. லேக் வியூ என்ற ஏழைக் கறுப்பின மக்களின் குட்டி மாவட்டம், தங்கள் பள்ளிக்கு நியாயமான நிதி வரவில்லை என்று 1992இல் வழக்குப் போட்டது. பத்து ஆண்டு கழித்து, 2002இல், மாநில உச்ச நீதிமன்றம் நிதி முறையே அரசியலமைப்புக்கு எதிரானது என்று சொன்னது. ஜெயித்தார்கள். மாநிலம் நிதியையும் கூட்டியது, அதோடு சேர்த்து இந்த 350 வரம்பையும் கொண்டுவந்தது. 2004 ஜூலையில் லேக் வியூ மாவட்டமே கலைந்து பக்கத்து பார்ட்டன் லெக்சாவோடு சேர்க்கப்பட்டது. வழக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்த பரிசு! 2015இல்தான் அந்த வரம்பிலிருந்து விலக்குக் கேட்க வழி வைத்தார்கள்.

நெப்ராஸ்காவில் இன்னொரு விதம். தொடக்கப் பள்ளி மட்டும் நடத்துகிற கிராம மாவட்டங்களைக் கலைக்க 2005இல் சட்டம் போட்டார்கள். மக்கள் கையெழுத்து வாங்கி அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய் 2006 நவம்பரில் சட்டத்தைத் தோற்கடித்தார்கள். ஆனால் மாவட்டங்களை அந்த ஜூன் மாதமே கலைத்தாயிற்று. ஓட்டில் ஜெயித்தும் என்ன பயன், போனது போனதுதான். வாரியம் கலைந்து, ஆசிரியர் வேறு வேலைக்குப் போய், பிள்ளைகள் வேறு பஸ்ஸில் ஏறிய பிறகு திரும்பக் கட்டுவது என்பது பேச்சுக்குத்தான்.

ஒழுங்காகச் செய்கிற முறைகளும் இருக்கின்றன, கட்டுரையாளர் அவற்றைத் தொடவே இல்லை. அயோவாவில் இரண்டு மாவட்டங்கள் தனித்தனி வாரியத்தோடு இருந்துகொண்டே சில வகுப்புகளை மட்டும் பகிர்ந்துகொள்ள முடியும், உன் ஊரில் நடுநிலை, என் ஊரில் ஹைஸ்கூல் என்று. சில ஆண்டு ஓட்டிப் பார்ப்பார்கள், பிள்ளைகளும் ஆசிரியர்களும் பழகிவிடுவார்கள், ஒத்துவந்தால் அப்புறம் முழு இணைப்புக்கு ஓட்டு. ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ளலாம். வெர்மான்ட்டில் 2015இன் சட்டம் 46 வந்தபோது பல ஊர்கள் இணைப்பு ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து வைத்துக்கொண்டன: முதல் சில ஆண்டுகளுக்கு ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்காமல் அந்த ஊர்ப் பள்ளியை மூடக் கூடாது என்று. இந்த மாதிரி எழுத்து ரொம்ப முக்கியம், ஏனென்றால் இணைந்த பிறகு வாரியத்தில் பெரிய ஊருக்கு ஐந்து இடம், சின்ன ஊருக்கு இரண்டு. ‘உங்கள் பள்ளியை யார் மூடப்போகிறார்கள்’ என்று இன்றைக்குச் சொல்கிறவர் மூன்று வருடம் கழித்து அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். எங்கள் குழுவிலும் இந்த ஷரத்துக்குத்தான் அதிக எதிர்ப்பு, அதிலிருந்தே விஷயம் புரிகிறது. (பள்ளி விளையாட்டு அணியின் புதுப் பெயர் என்ன, சட்டையில் எந்த நிறம் என்பதற்கு மட்டும் ஒரு முழு மாலை போனது. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஊரில் மூன்று தலைமுறை அந்த நிறத்தில் ஆடியிருக்கிறது, அதைக் கேலி செய்கிற ஆலோசகர் அடுத்த ஓட்டைத் தோற்பார்.)

நம் நாட்டுக்கு வருவோம். சின்னப் பள்ளிப் பிரச்சினை கற்பனை இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையே 2016-17 கணக்கை எடுத்துக் காட்டுகிறது: அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சுமார் 28 சதவீதத்தில் 30க்கும் குறைவான பிள்ளைகள், நாடு முழுக்க ஓராசிரியர் பள்ளிகள் 1,08,017. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் மேய்த்து, பதிவேடும் எழுதுவது பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. ஆனால் அதே கொள்கை, பள்ளிகளை இணைப்பதை மிகுந்த கவனத்தோடு, பிள்ளை பள்ளிக்கு வருவது பாதிக்காது என்று உறுதியானால் மட்டுமே செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்குப் பதிலாக அது சொல்கிற பள்ளி வளாக யோசனை, கோத்தாரி கல்வி ஆணையம் 1964-66லேயே சொன்னது: ஒரு உயர்நிலைப் பள்ளியைச் சுற்றி ஐந்து பத்துக் கிலோமீட்டரில் உள்ள சின்னப் பள்ளிகள் எல்லாம் ஒரே நிர்வாகம், ஒரே நூலகம், விளையாட்டு, ஓவிய ஆசிரியர்கள் சுற்றி வருவார்கள், பிள்ளைகள் அவரவர் ஊரிலேயே இருப்பார்கள். பள்ளியை மூடாமல் நிர்வாகத்தை மட்டும் ஒன்றாக்குவது என்று நான் மேலே பிரித்துச் சொன்ன அந்த முதல் வகை இணைப்பு இதுதான். வேறு எதைச் செய்தாலும் கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகள் சொல்கிற தூரம் இருக்கிறது, ஐந்தாம் வகுப்புவரை நடக்கிற தொலைவில் 1 கிலோமீட்டர், எட்டுவரை 3 கிலோமீட்டர்.

2025 ஜூனில் உத்தரப் பிரதேசத்தில் 50 பிள்ளைகளுக்குக் கீழே உள்ள பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க ஆணை வந்தது. பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள், நீதிமன்றம் போனார்கள். ஜூலை கடைசியில் அரசே இறங்கிவந்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்றால் இணைப்பு இல்லை என்று அறிவித்தது. பாருங்கள், தூரம் கடைசியில் வருகிறது. ஆணையின் முதல் வரியில் இருந்திருக்க வேண்டியது, போராட்டத்துக்கு அப்புறம் திருத்தமாக வருகிறது. இங்கே அமெரிக்காவிலாவது ஓட்டுப் போட ஒரு வாரியம் இருக்கிறது, கத்த ஒரு கூட்டம் இருக்கிறது. நம்மிடம் ஆணை வரும், அடுத்த திங்கட்கிழமை பள்ளி இடம் மாறியிருக்கும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எந்த மாநிலத்திலாவது இணைப்புப் பட்டியல் தயாராகிறது என்று தெரிந்தால், எத்தனை பள்ளி, எத்தனை கோடி மிச்சம் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு பள்ளிக்கும் நேராக இந்த விவரங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: பள்ளியிலிருந்து எட்டத்தில் இருக்கிற குடியிருப்பிலிருந்து புதுப் பள்ளிக்கு எவ்வளவு தூரம், வழியில் நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ ஆறோ குறுக்கிடுகிறதா, வண்டி விடுவது யார், எத்தனை ஆண்டுக்கு நிதி ஒதுக்கியிருக்கிறது, சேரப்போகிற பள்ளியில் அறையும் கழிப்பறையும் இப்போதே இருக்கிறதா இல்லை கட்டப்போகிறார்களா, மூடிய கட்டடம் யாருக்குப் போகிறது. ஆலோசகர் நிறுவனத்திடமிருந்து அந்தக் கடைசிப் பிள்ளையின் நேரத்தை வாங்குவதற்கே நாங்கள் தொங்க வேண்டியிருந்தது. ஒரு நாளிதழ் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்